ஏப்ரல் தோல்விகள் எதைச் சொல்கின்றன? பேஸ்பால் ரசிகர்களின் கேள்விகளும் பதில்களும்

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் சீசன் தொடங்கிச் சில வாரங்கள் ஆகின்றன. இந்தப் பகுதிக்கு வந்துள்ள கடிதங்களில் பெரும்பாலானவை, தாம் நேசிக்கும் அணியின் தொடக்க ஆட்டங்களை எப்படி மதிப்பிடுவது என்றே கேட்கின்றன. அவற்றுள் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: எங்கள் அணி முதல் 20 ஆட்டங்களில் 8இல் மட்டுமே வென்றிருக்கிறது. ரசிகர்களான என் நண்பர்களில் பாதிப் பேர், இந்த ஆண்டு முடிந்துவிட்டது என்கிறார்கள். மீதிப் பேர், இன்னும் 142 ஆட்டங்கள் இருக்கின்றன என்கிறார்கள். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் நண்பர்கள் இரண்டு வெவ்வேறு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். இந்த அணி எவ்வளவு திறமையான அணி என்பது ஒரு கேள்வி. இந்த அணி இனி எத்தனை ஆட்டங்களைத் தோற்கலாம் என்பது மற்றொரு கேள்வி. ஏப்ரல் மாத முடிவுகள் முதல் கேள்விக்கு மிகக் குறைவாகவே பதில் சொல்கின்றன. இரண்டாவது கேள்விக்கோ துல்லியமாகப் பதில் சொல்கின்றன.

முதலில் திறமையை எடுத்துக்கொள்வோம். ஓர் ஆண்டின் 162 ஆட்டங்களில் 100ஐ வெல்லும் அணியை எல்லோரும் மிகச் சிறந்த அணி என்று கொண்டாடுகிறார்கள். ஆனால் அந்த அணியும் 62 ஆட்டங்களில் தோற்கிறது. சிறந்த அணிக்கும் சுமாரான அணிக்கும் இடையிலான வித்தியாசம் வாரத்துக்கு ஓர் ஆட்டத்தைக்கூட எட்டாத விளையாட்டு இது. அமெரிக்கக் கால்பந்தில் ஓர் அணி லீக் சுற்றில் 17 ஆட்டங்கள் மட்டுமே ஆடுகிறது என்பதால், பேஸ்பாலின் 20 ஆட்டங்கள் அங்கே வெறும் இரண்டு ஆட்டங்களுக்குச் சமம். ஒவ்வொரு ஆட்டத்திலும் வெல்லவும் தோற்கவும் சரிபாதி வாய்ப்புள்ள ஓர் அணியை எண்ணிப் பாருங்கள். நிகழ்தகவுக் கணக்கின்படி, அப்படிப்பட்ட அணி 20 ஆட்டங்களில் 8 அல்லது அதற்கும் குறைவாக வெல்வதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்று. ஆண்டு முழுவதும் 90 ஆட்டங்களை வெல்லக்கூடிய நல்ல அணிக்குக்கூட அந்த வாய்ப்பு ஏறத்தாழ எட்டில் ஒன்று. லீக்கில் 30 அணிகள் இருப்பதால், உங்கள் அணியைப் போல் தடுமாறும் நல்ல அணி ஒன்றிரண்டை ஒவ்வோர் ஆண்டும் பார்க்க முடியும்.

இதற்கு 2019ஆம் ஆண்டின் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணியைவிட நல்ல சான்று கிடையாது. முதல் 50 ஆட்டங்களில் 19 வெற்றி, 31 தோல்வி. அணியை வழிநடத்தும் தலைமைப் பயிற்சியாளரான மேனேஜர் டேவ் மார்ட்டினெஸை நீக்க வேண்டும் என்ற குரல் எங்கும் கேட்டது. ஆனால், அந்தத் தோல்விகள் எங்கிருந்து வந்தன என்று கவனித்தவர்களுக்கு வேறொரு சித்திரம் தெரிந்திருக்கும். மேக்ஸ் ஷெர்சரும் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க்கும் முதல் இன்னிங்ஸிலிருந்து பந்துவீசும் வலுவான தொடக்கப் பிட்சர்களாக அணியில் இருந்தார்கள். பின் இன்னிங்ஸ்களில் வந்து வீசும் புல்பென் பிட்சர்கள்தான் ஆட்டங்களைத் தொடர்ந்து கோட்டைவிட்டார்கள். தொடக்கத்திலேயே விரல் முறிந்து வெளியேறிய ட்ரே டர்னர், மே மாத நடுவில்தான் திரும்பினார். அணியின் அடித்தளம் உறுதியாக இருந்தது. ஓரிரு பகுதிகள் மட்டுமே பழுதாகியிருந்தன. அந்த அணி 93 வெற்றிகளோடு லீக் சுற்றை முடித்து, டிவிஷன் எனப்படும் தன் பிரிவில் முதலிடம் பெறாத அணிகளுக்கான வைல்ட் கார்ட் வழியாக, பட்டத்துக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்து, ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸை ஏழு ஆட்டங்களில் வீழ்த்தி, இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸை வென்றது. அந்தத் தொடரில் பட்டத்துக்குத் தேவையான நான்கு வெற்றிகளும் எதிரணியின் மைதானத்தில் கிடைத்தவை.

2002இல் 6 வெற்றி, 14 தோல்வி என்று தொடங்கிய அனாஹெய்ம் ஏஞ்சல்ஸ் அணியும் அந்த ஆண்டு வேர்ல்ட் சீரிஸை வென்றது. 2001இல் 8 வெற்றி, 18 தோல்வி என்றிருந்த ஓக்லண்ட் அத்லெட்டிக்ஸ் 102 வெற்றிகளோடு முடித்தது. இன்னும் பின்னோக்கிப் போனால், 1914ஆம் ஆண்டு ஜூலை 4 அன்று தன் லீக்கின் கடைசி இடத்தில் இருந்த பாஸ்டன் பிரேவ்ஸ், அந்த ஆண்டின் வேர்ல்ட் சீரிஸில் பிலடெல்பியா அத்லெட்டிக்ஸை நான்குக்குப் பூஜ்யம் என்ற கணக்கில் தோற்கடித்தது.

கேள்வி: அப்படியானால் ஏப்ரல் மாத ஆட்டங்களுக்கு மதிப்பே இல்லையா?

பதில்: முழு மதிப்பு உண்டு. பொறுமையாக இருங்கள் என்று சொல்பவர்கள் மறந்துவிடும் பாதி இதுதான். ஏப்ரலில் தோற்ற ஆட்டமும் செப்டம்பரில் தோற்ற ஆட்டமும் பட்டியலில் ஒரே எடை கொண்டவை.

முதல் கேள்வி கேட்ட வாசகரின் அணியையே எடுத்துக்கொள்ளுங்கள். அது 90 வெற்றிகளை எட்ட வேண்டுமானால், மீதமுள்ள 142 ஆட்டங்களில் 82 வெல்ல வேண்டும். அதாவது, இனி வரும் நாள்கள் முழுவதும், ஆண்டுக்கு 93 அல்லது 94 ஆட்டங்களை வெல்லும் அணியின் வேகத்தில் ஆட வேண்டும். கடினம்தான் என்றாலும் நடக்கக்கூடியது. அதே அணி 3 வெற்றி, 17 தோல்வி என்று தொடங்கியிருந்தால், 142இல் 87 வெல்ல வேண்டியிருக்கும். ஆண்டுக்கு 99 வெற்றி என்ற வேகம் அதற்குத் தேவைப்படும். திறமை மாறாவிட்டாலும், தோற்பதற்கான இடம் சுருங்கிவிடுகிறது.

இதன் வலியை 2011ஆம் ஆண்டின் பாஸ்டன் ரெட் சாக்ஸ் ரசிகர்களைப் போல் அறிந்தவர்கள் குறைவு. அந்த அணி முதல் ஆறு ஆட்டங்களையும் தோற்று, பிறகு 2 வெற்றி, 10 தோல்வி என்ற நிலைக்குச் சரிந்தது. அதன்பின் மாதக் கணக்கில் மிகச் சிறப்பாக ஆடி, செப்டம்பர் தொடக்கத்தில் டாம்பா பே ரேஸ் அணியைவிட 9 ஆட்டங்கள் முன்னிலையில் நின்றது. செப்டம்பரில் 7 வெற்றி, 20 தோல்வி என்று மீண்டும் சரிந்து, கடைசி நாளில் பால்டிமோரில் தோற்றது. அதே இரவில், ஏழு ரன்கள் பின்தங்கியிருந்த ரேஸ், நியூயார்க் யாங்கீஸை 12ஆவது இன்னிங்ஸில் வென்றது. ரெட் சாக்ஸ் 90 வெற்றி, ரேஸ் 91; வைல்ட் கார்ட் ரேஸுக்குப் போனது. எல்லோரும் செப்டம்பரைத்தான் குறை சொன்னார்கள்; அதில் நியாயமும் உண்டு. ஆனாலும் முதல் 12 ஆட்டங்களில் இரண்டுக்குப் பதிலாக நான்கை வென்றிருந்தால் அந்த அணி பிளேஆஃப் சுற்றுக்குப் போயிருக்கும். இன்னொரு செய்தியையும் சொல்ல வேண்டும்: ரேஸ் அணியும் அந்த ஆண்டு முதல் ஆறு ஆட்டங்களைத் தோற்றே தொடங்கியது.

கேள்வி: ஏப்ரலில் ஹோம் ரன்கள் குறைவாகத் தெரிகின்றனவே, அது உண்மையா, தோற்றமா?

பதில்: உண்மைதான். குளிர்ந்த காற்று அடர்த்தி மிகுந்தது. அதில் பந்து குறைந்த தூரமே பறக்கும். வடக்கு நகரங்களில் ஏப்ரல் இரவுகள் கடுமையாகக் குளிரும். ஜூலையில் வேலியைத் தாண்டும் அதே அடி, ஏப்ரலில் வேலிக்கு முன்னால் ஃபீல்டரின் கையுறையில் விழலாம். எனவே உங்கள் அணியின் ஏப்ரல் ஹோம் ரன் எண்ணிக்கையை அதே மாதத்தில் மற்ற அணிகள் அடித்தவற்றோடு ஒப்பிடுங்கள். சென்ற ஆண்டின் மொத்தக் கணக்கோடு ஒப்பிட வேண்டாம்.

கேள்வி: எங்கள் அணியின் நட்சத்திர பேட்டர் .175 சராசரியில் திணறுகிறார். அவர் காலம் முடிந்துவிட்டது என்று என் அண்ணன் அடித்துச் சொல்கிறார். நான் நம்ப மறுக்கிறேன். என் பக்கம் நியாயம் இருக்கிறதா?

பதில்: இருக்கிறது, ஆனால் அண்ணனிடம் வாதாட நம்பிக்கை மட்டும் போதாது, சரியான எண்கள் வேண்டும். 80 முறை ஆடி 14 முறை ஹிட் (பந்தை அடித்துப் பத்திரமாக பேஸை எட்டுவது) பெற்றால் சராசரி .175. அதே 80இல் 22 ஹிட் என்றால் .275. திணறுகிறவருக்கும் நன்றாக ஆடுகிறவருக்கும் இடையில் இருப்பது எட்டே எட்டு ஹிட்கள்தான். வாரத்துக்கு ஏறத்தாழ இரண்டு. மட்டையில் நன்றாகப் பட்ட பந்து நேராக ஃபீல்டரிடம் போவதும், மோசமாகப் பட்ட பந்து இரு ஃபீல்டர்களுக்கு நடுவில் விழுவதும் அன்றாடம் நடப்பவை. மைதானத்துக்குள் அடிக்கப்படும் பந்துகளில் ஏறக்குறைய பத்துக்கு மூன்று ஹிட் ஆவதே லீக்கின் பொது வழக்கம். ஒரே மாதத்தில் அது பத்துக்கு இரண்டாகவோ நான்காகவோ ஆகிவிட்டால், பெரும்பாலும் அதிர்ஷ்டத்தின் பங்கு அதில் இருக்கும்.

ஆகவே பேட்டிங் சராசரியை விட்டுவிட்டு, அவர் எத்தனை முறை ஸ்ட்ரைக்அவுட் ஆகிறார் (மூன்று ஸ்ட்ரைக்குகளில் ஆட்டமிழக்கிறார்), எத்தனை முறை மோசமான பந்துகளை விட்டுவிட்டு, அடிக்காமலே முதல் பேஸுக்குச் செல்லும் வாக் பெறுகிறார், பந்தை எவ்வளவு பலமாக அடிக்கிறார் என்பவற்றைப் பாருங்கள். இவற்றில் ஃபீல்டர் நிற்கும் இடத்துக்கோ காற்றுக்கோ பங்கு குறைவு என்பதால், குறைந்த ஆட்டங்களிலேயே இவை உண்மையைக் காட்டத் தொடங்குகின்றன. ஸ்ட்ரைக்அவுட் விகிதம்தான் எல்லாவற்றுக்கும் முன்பாக நிலைபெறுகிறது. இந்த எண்கள் சென்ற ஆண்டு போலவே இருந்தால், அண்ணன் பொறுத்திருக்கட்டும். ஸ்ட்ரைக்அவுட் திடீரென்று ஏறி, அடியின் பலமும் குறைந்திருந்தால், அண்ணனின் அச்சத்துக்குக் காரணம் இருக்கிறது.

2009இல் ரெட் சாக்ஸின் டேவிட் ஓர்ட்டிஸ் தன் முதல் ஹோம் ரன்னை மே 20 அன்றுதான் அடித்தார். அதுவரை அவரைப் பற்றி எழுதப்பட்டவை எல்லாம் இரங்கல் உரைகள் போலவே இருந்தன. அந்த ஆண்டை அவர் 28 ஹோம் ரன்களோடு முடித்தார். எதிர்த் திசையில் ஓர் உதாரணம்: 2006 ஏப்ரலில் டெட்ராய்ட் டைகர்ஸின் கிறிஸ் ஷெல்டன் 10 ஹோம் ரன்கள் அடித்து நாடெங்கும் பேசப்பட்டார், ஆண்டு முழுவதற்கும் அவருக்குக் கிடைத்தவை 16 மட்டுமே, ஜூலை இறுதியில் அவர் கீழ்நிலைப் போட்டிகளான மைனர் லீக்குக்கு அனுப்பப்பட்டார். 1994இல் சிகாகோ கப்ஸின் டஃபி ரோட்ஸ், சீசனின் முதல் ஆட்டத்தில் ட்வைட் கூடன் வீச்சில் மூன்று ஹோம் ரன்கள் அடித்தார். அந்த ஆண்டு மொத்தம் எட்டுதான். பின்னாளில் அவர் ஜப்பானுக்குப் போய், 2001இல் ஒரே சீசனில் 55 ஹோம் ரன்கள் அடித்துப் பெரும் புகழ் பெற்றார் என்பதையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

கேள்வி: பிட்சர்கள் விஷயத்திலும் இதே பொறுமை பொருந்துமா?

பதில்: பாதிதான் பொருந்தும். ஒரு பிட்சர் நிறைய ரன்களைக் கொடுத்தாலும், ஸ்ட்ரைக்அவுட்கள் வழக்கம்போல் கிடைத்து, அவர் கொடுக்கும் வாக் எண்ணிக்கை கூடாமல் இருந்தால், அவருக்குக் காலம் கொடுக்கலாம். ஆனால் அவருடைய வேகப்பந்தின் வேகம் சென்ற ஆண்டைவிட மணிக்கு இரண்டு மைல் குறைந்து, ஆட்டத்துக்கு ஆட்டம் அப்படியே நீடித்தால், ஏப்ரலிலேயே கவலைப்பட வேண்டும். குளிரில் வேகம் சற்றுக் குறைவது இயல்பு. நாள்கள் சூடேறியும் அது திரும்பாவிட்டால், பின்னால் காயம் இருக்கக்கூடும்.

முழங்கையின் உட்புறத் தசைநார் கிழிந்தால் அதை மாற்றிப் பொருத்தும் அறுவை சிகிச்சையை டாக்டர் ஃபிராங்க் ஜோப் 1974இல் முதன்முதலாகச் செய்தார். லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸின் பிட்சர் டாமி ஜானுக்குச் செய்யப்பட்டதால் அந்த சிகிச்சை இன்றளவும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. அதிலிருந்து ஒரு பிட்சர் ஆட்டத்துக்குத் திரும்பப் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் ஆகும். ஏப்ரலில் பத்து ஆட்டங்களைத் தோற்பதைவிட, ஏப்ரலில் ஒரு முதன்மைப் பிட்சரை இழப்பது அணியின் எதிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்கிறது. தோல்விகளை எண்ணும் ரசிகர்கள் காயமடைந்தோர் பட்டியலையும் அதே அக்கறையோடு படிக்க வேண்டும் என்று வேண்டுகிறேன்.

கேள்வி: வெற்றி, தோல்வியை நம்பக் கூடாது என்றால், அணியின் திறமையை ஒரே எண்ணில் காட்டும் வழி ஏதாவது உண்டா?

பதில்: எடுத்த ரன்களையும் கொடுத்த ரன்களையும் ஒப்பிடுங்கள். பேஸ்பால் ஆய்வாளர் பில் ஜேம்ஸ் ஓர் எளிய சூத்திரத்தைத் தந்தார்: எடுத்த ரன்களின் வர்க்கத்தை, எடுத்த ரன்களின் வர்க்கமும் கொடுத்த ரன்களின் வர்க்கமும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால், அணி வென்றிருக்க வேண்டிய விகிதம் கிடைக்கும். 25 ஆட்டங்களில் 100 ரன் எடுத்து 90 ரன் கொடுத்த அணிக்கு இந்த விகிதம் .552, அதாவது அது ஏறத்தாழ 14 ஆட்டங்களை வென்றிருக்க வேண்டும். உண்மையில் அது 10 ஆட்டங்களை மட்டுமே வென்றிருந்தால், பெரும்பாலும் ஒரு ரன் வித்தியாசத்தில் பல ஆட்டங்களைத் தவறவிட்டிருக்கிறது என்று பொருள். அத்தகைய தோல்விகளில் அதிர்ஷ்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு; அது பெரும்பாலும் நீடிப்பதில்லை.

எனினும் ஏப்ரலில் இந்த எண்ணும் ஏமாற்றலாம். 15க்கு 1 என்று வென்ற ஒரே ஆட்டம் முழுக் கணக்கையும் வளைத்துவிடும் என்பதால், அப்படிப்பட்ட ஆட்டத்தை நீக்கிவிட்டும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: எங்கள் அணி தோல்வியே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. கனவு காணலாமா?

பதில்: தாராளமாகக் காணுங்கள், கூடவே, இதுவரை யாரோடு ஆடினார்கள் என்பதையும் பாருங்கள். 2023இல் ரேஸ் அணி முதல் 13 ஆட்டங்களையும் வென்றது. அந்த 13 ஆட்டங்களில் எதிர்த்து ஆடிய டைகர்ஸ், நேஷனல்ஸ், அத்லெட்டிக்ஸ், ரெட் சாக்ஸ் ஆகிய நான்கு அணிகளும் அந்த ஆண்டு வெற்றிகளைவிட அதிகத் தோல்விகளோடு முடித்தன. அத்லெட்டிக்ஸ் மட்டும் 112 ஆட்டங்களைத் தோற்றது. ரேஸ் 99 வெற்றி பெற்றும் 101 வெற்றி பெற்ற ஓரியோல்ஸிடம் டிவிஷனை இழந்து, வைல்ட் கார்ட் சுற்றில் டெக்சஸ் ரேஞ்சர்ஸிடம் இரண்டே ஆட்டங்களில் வெளியேறியது. அதே 13 வெற்றிகளோடு 1987இல் தொடங்கிய மில்வாக்கி புரூவர்ஸ், மே மாதத்தில் 12 ஆட்டங்களைத் தொடர்ந்து தோற்று, பிளேஆஃப் வாய்ப்பையே இழந்தது.

மறுபுறம் 1984இன் டைகர்ஸ் அணி இருக்கிறது. முதல் 40 ஆட்டங்களில் 35 வெற்றி. மீதமுள்ள 122 ஆட்டங்களில் 69 வெற்றி, 53 தோல்வி. அதாவது நல்ல அணி, ஆனால் அசாதாரண அணி அல்ல. தொடக்கத்தில் சேர்த்துவைத்த முன்னிலையை யாராலும் எட்ட முடியவில்லை. 104 வெற்றிகளோடு முடித்து வேர்ல்ட் சீரிஸையும் வென்றார்கள். அந்த 40 ஆட்டங்கள் அணியின் திறமையை மிகைப்படுத்திக் காட்டின என்பது உண்மை. சாம்பியன் பட்டத்துக்கு அவை அடித்தளம் இட்டன என்பதும் உண்மை.

கேள்வி: தோல்விகள் தொடர்ந்தால் மேனேஜரை உடனே மாற்றுவது நல்லதா?

பதில்: 1988இல் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி, ஆறே ஆட்டங்களைத் தோற்றதும் மேனேஜர் கால் ரிப்கன் சீனியரை நீக்கியது. அடுத்து வந்தவர் ஆட்டக்காரராகப் பெரும்புகழ் பெற்ற ஃபிராங்க் ராபின்சன். அவர் கீழும் அணி அடுத்த 15 ஆட்டங்களைத் தோற்றது. சீசனின் முதல் வெற்றி 22ஆவது ஆட்டத்தில்தான் கிடைத்தது. குறை ஆட்டக்காரர்களின் தரத்தில் இருந்தது. ஆண்டு முடிவில் 54 வெற்றி, 107 தோல்வி. திறமையான ஆட்டக்காரர்கள் இருந்தும் அணி தேங்கி நிற்கும்போது கதை மாறலாம்: 2022இல் 22 வெற்றி, 29 தோல்வி என்றிருந்த பிலடெல்பியா பில்லீஸ், ஜூன் தொடக்கத்தில் ஜோ ஜிரார்டியை நீக்கி ராப் தாம்சனை அமர்த்தியது, அந்த அணி வேர்ல்ட் சீரிஸ் வரை சென்றது. அணியில் யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே மேனேஜரைப் பற்றிப் பேச வேண்டும். ஆறு ஆட்டங்களை வைத்து ஒருவரின் வேலையைப் பறிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கேள்வி: அணி இப்படித் தோற்கும்போது மைதானத்துக்குப் போய் உட்காருவதில் என்ன பயன் என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்வது?

பதில்: அதே 1988 ஓரியோல்ஸ் அணி, 1 வெற்றி, 23 தோல்வி என்ற கணக்கோடு மே 2 அன்று சொந்த ஊர் திரும்பியபோது, 50,000க்கும் அதிகமான ரசிகர்கள் மைதானத்தை நிறைத்து வரவேற்றார்கள் என்று சொல்லுங்கள். அடுத்த ஆண்டு அந்த அணி 87 ஆட்டங்களை வென்று, டிவிஷன் பட்டத்துக்காக டொரண்டோ புளூ ஜேஸோடு சீசனின் கடைசி வார இறுதி வரை போராடியது. முந்தைய ஆண்டின் மே மாதத்தில் அங்கே கூடியிருந்தவர்களுக்கு அந்தப் போராட்டம் எவ்வளவு இனித்திருக்கும் என்பதை உங்கள் நண்பர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

கேள்வி: பட்டியலை எப்போது முதல் தீவிரமாகப் பார்க்கலாம்?

பதில்: மே மாதக் கடைசித் திங்கள்கிழமை வரும் நினைவு நாள் விடுமுறை வரை பொறுப்பது அமெரிக்க ரசிகர்களின் பழக்கம். அதற்குள் ஏறத்தாழ 50 ஆட்டங்கள் முடிந்திருக்கும். ஆட்டக்காரர்களை வாங்கவும் விற்கவும் ஜூலை இறுதியையொட்டி வரும் கெடுவுக்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கும். ஆனால் 2024இன் சிகாகோ ஒயிட் சாக்ஸ் போல 25 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே வென்றால், அதுவரை காத்திருக்க வேண்டாம். அந்த அணி ஆண்டு முடிவில் 121 ஆட்டங்களைத் தோற்றது.